அமுக்காத பட்டன்

கையில் பட்டன் இருக்கிறது, அமுக்க மாட்டேன். அமுக்கினால் வலி குறையும் என்பது எனக்குத் தெரியாததில்லை. நேற்று மயக்க மருந்து டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் இந்தப் பட்டன் உங்க கைக்குள்ளேயே இருக்கும்மா, வலி எட்டிப் பார்க்கும்போதே அமுக்கிடுங்க, மருந்து தானா நரம்புக்குள்ள இறங்கும், முத்தவிட்டா அப்புறம் அடக்குறது கஷ்டம், நீங்க எத்தனை தடவை அமுக்குனாலும் மெஷின் அளவாத்தான் குடுக்கும், பயப்படாதீங்க, ஆனா ஒண்ணு, உங்களைத் தவிர வேற யாரும் இதைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன். வலி இப்போது எட்டிப் பார்த்து, உள்ளே வந்து, பாய் விரித்துப் படுத்தே விட்டது. இடது விலாவுக்குக் கீழே, இன்று காலைவரை என் சிறுநீரகம் இருந்த இடத்தில். அந்தச் சிறுநீரகம் இந்நேரம் இரண்டு மாடிக்கு மேலே, என் தம்பி அய்யாத்துரையின் வயிற்றில் குடிபோயிருக்கிறது. குடிபோன வீட்டில் பால் காய்ச்சியாயிற்றா இல்லையா, அதுதான் தெரியவில்லை. பெரிய டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், சிலருக்கு வைத்த உடனே மூத்திரம் பிரியும், சிலருக்கு நாலைந்து நாள் தூங்கி எழுந்து வேலை செய்யும், எப்போதாவது ஒருவருக்கு எழுந்திருக்காமலே போகும் என்று. அந்த மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதனால்தான் கண் விழித்து இந்த அறைக்கு வந்ததும் வராததுமாக எங்கள் ஊர் மாரியம்மனிடம் சொல்லிவிட்டேன், தாயே, அவனுக்கு மூத்திரம் வந்தது என்ற சேதி என் காதில் விழுகிற வரைக்கும் நான் இதை அமுக்குவதில்லை. பின்னே, வயிற்றில் தையலோடு மல்லாந்து கிடக்கிறவள் அக்னிச்சட்டியா எடுக்க முடியும்? மாவிளக்குப் போட மாவுக்கு எங்கே போவேன்? என் கைவசம் இருந்தது வலி ஒன்றுதான், அதைக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அது சின்னதாக இருந்தது. எங்கள் கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு முறுகுகிற மாதிரி இவ்வளவு சீக்கிரம் முறுகும் என்று யார் கண்டது. பெருவிரல் வேறு அதுபாட்டுக்குப் பட்டன் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. எடு கையை என்று நானே என்னை அதட்டிக்கொள்கிறேன்.

யாரிடமாவது கேட்கலாமே என்று தோன்றாமல் இல்லை. கேட்கக் கூடாது. வெளியே கிளம்புகிற மனிதரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பார்கள், அதே கணக்குதான். நல்ல சேதி தானாக நடந்து வாசலுக்கு வரவேண்டும், நாம் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தால் பாதி வழியில் திரும்பிவிடும். ஆனால் வருகிற அறிகுறியையும் காணோம். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வந்ததிலிருந்து கேன்டீன் சாம்பாரைப் பற்றியே பேசுகிறார். "இதச் சாம்பார்னு சொன்னா பருப்பு கோவிச்சுக்கிடும் தாயி" என்கிறார். சண்முகத்தாய் என்ற பெயரைத் தாயி என்று சுருக்கிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்க்கிறார், தொண்டையைச் செருமுகிறார், ஏதோ சொல்ல வருகிறார், சொல்லாமல் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி சாம்பாருக்கே போகிறார். நல்ல சேதி இருந்தால் ஒரு மனிதர் சாம்பாரைப் பிடித்துத் தொங்குவாரா? தம்பியைப் பற்றி அவர் வாயைத் திறக்காததற்குக் காரணம் நான்தான், அதையும் சொல்லவேண்டும். என்னவர் தங்கமானவர், ஆனால் ஒரு தினுசான கருநாக்கு, நல்லது என்று வாய் திறந்தால் தலைகீழாக நடக்கும். புது கிரைண்டரைத் தட்டிக்கொடுத்து இது பத்து வருசத்துக்கு அசையாது என்றார், அந்த வாரமே புகை விட்டது. இன்னைக்கு மழை கிடையாது என்று அவர் சொன்னால் மொட்டை மாடியில் காயும் நிலக்கடலையை அள்ள நான் ஓடுவேன். அய்யாத்துரைக்குக் கால் வீங்கினபோது செருப்பு கடிச்சிருக்கும், ஒண்ணும் இருக்காது என்று சொன்னதும் இவர்தான், பிறகு பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடந்தது. அதனால் காலையில் தள்ளுவண்டியில் என்னைக் கொண்டுபோகும்போது சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன், "இங்க பாருங்க, நான் கேக்குற வரைக்கும் என் தம்பியப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசப்படாது, நல்லதும் பேசப்படாது, கெட்டதும் பேசப்படாது, மாரியம்மன் மேல ஆணை." மனிதர் வெலவெலத்துப்போய்த் தலையாட்டினார். சரி, ஆணைக்குக் கட்டுப்பட்டு இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நர்ஸ் பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள்? கதவைத் திறக்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், உதட்டை மடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு, போய்விடுகிறார்கள். மருந்து ஏற்ற வந்த பிள்ளை சிரித்தது, படுக்கை விரிப்பைச் சரிசெய்ய வந்த அம்மாள்கூடச் சிரித்தாள். விவரம் தெரியாத நோயாளியைப் பார்த்து இரக்கத்தில் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டு. சாவு வீட்டுக்குச் சேதி தெரியாமல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறவளைப் பார்த்து ஜனம் அப்படித்தான் சிரிக்கும். சே, என்ன நினைப்பு இது, வாயில் அடி, அம்மா தாயே மன்னிச்சிக்கோ, அதைக் கணக்கில் வைக்காதே. பெருவிரலே, நீ கீழே இறங்கு.

அவன் என்ன பெரிதாகக் கேட்டான்? தண்ணீர்தான் கேட்டான். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவனுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள், காலையிலிருந்து ராத்திரிவரை ஒரு சின்னப் பாட்டில், மாத்திரை விழுங்குவது, காபி, ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். வெயில் காலத்தில் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருப்பான். எங்கள் கோவில்பட்டியில் தண்ணீருக்கு அலைவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் குடத்தில் தண்ணீர் நிறைந்திருக்க, அதைப் பார்த்துக்கொண்டு நாக்கு வறண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. லாரி புக்கிங் ஆபீசில் வேலை, வாய் ஓயாத பயல், அவன் பேச்சைக் கேட்கவே டிரைவர்கள் கூடுதலாக ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்கள். அவன் ஒருநாள் பட்டறைக்கு வந்தான், நான் கடலைமிட்டாய்க்கு வெல்லப் பாகு பதம் பார்த்துக்கொண்டிருந்தேன், கிண்ணத்துத் தண்ணீரில் பாகைச் சொட்டுவிட்டுப் பார்ப்போமே, அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "யக்கா, ஒரு சொம்பு தண்ணிய அண்ணாந்து, மூச்சுவிடாம, மோவாயில வழிய வழியக் குடிக்கணும்க்கா. அது போதும்" என்றான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பாகு அன்றைக்குக் கெட்டுப்போனது, ஒரு சட்டி முழுக்கக் கசப்பு. ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், கட்டிக்கொடுத்த பொம்பளை உறுப்பை எடுத்துப் பிறந்த வீட்டுக்குக் கொடுப்பதா என்றார்கள். என்னவர்தான், இவளுக்கு ஒண்ணு கூடுதலாத்தான் இருக்கும், பாத்தாலே தெரியலையா என்று முடித்துவிட்டார். அனுமதிக் கமிட்டியில் ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்து, உங்களை யாராவது வற்புறுத்தினார்களா அம்மா என்று கேட்டார்கள். என்னை வற்புறுத்துற ஆளு இனிமேதான் பிறக்கணும்யா என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் கையெழுத்து தானாக விழுந்தது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, சிரித்தால் தையல் சுண்டி இழுக்கிறது, ஆனாலும் வருகிறது. வலியோடு சிரிப்பதற்கு ஏதாவது பட்டன் வைத்திருக்கிறார்களா என்று கேட்கவேண்டும். பாவம் என் சிறுநீரகம், அதுவும் கோவில்பட்டிக்காரி. பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் வளர்ந்தது. அங்கே மேலே போயும் அதே பழக்கத்தில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் விடுவேன் என்று முரண்டு பிடிக்கிறதோ என்னவோ. எம்மா, ஊர் புத்தியை அங்கே காட்டாதே. அது அடுத்த வீடு இல்லை, தம்பி வீடுதான், நன்றாகத் தாராளமாக விடு.

குழாய் என்றதும் மறுபடியும் அந்தக் கனவு வருகிறது. கனவா, வேறு ஏதாவதா, தெரியவில்லை, கண் விழித்ததிலிருந்து விட்டு விட்டு வருகிறது. எங்கள் தெரு, வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள், குழாய் முதலில் புஸ்ஸென்று காற்றை விடுகிறது, எல்லோரும் காத்திருக்கிறோம், யாரோ ஒரு ஆண் குரல், நல்ல சந்தோஷமான குரல், குழாயத் திறந்துவிட்டாச்சும்மா என்கிறது. எனக்குக் கால் வரவில்லை. ரெண்டு காலையும் யாரோ பெட்ஷீட்டில் சுருட்டிக் கட்டிவைத்த மாதிரி கிடக்கிறது, எல்லார் குடமும் நிறையப் போகிறது, என் குடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, நான் கத்துகிறேன், என்ன கத்தினேன் என்பது மட்டும் நினைவில் இல்லை. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் பச்சை உடுப்பு போட்டிருக்கிறார்கள், எங்கள் தெருவில் யார் பச்சை உடுப்பு போடுவார்கள். தண்ணீர்க் கனவு நல்லதா கெட்டதா? தெளிந்த தண்ணீர் நல்லது, கலங்கின தண்ணீர் ஆகாது என்பார்கள். நான் தண்ணீரைப் பார்க்கவே இல்லையே, குரலைத்தானே கேட்டேன். குரலுக்கு என்ன பலன் என்று யாரைக் கேட்பது. சாயங்கால வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து என்னவரின் வழுக்கையில் விழுந்து மினுங்குகிறது. வலி இப்போது மூச்சோடு சேர்ந்துகொண்டது, இழுத்தால் ஒரு குத்து, விட்டால் ஒரு குத்து. அதனால் மூச்சைச் சின்னச் சின்னதாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். இவ்வளவு வலியும் வீணாகப் போகாது என்று ஒரு நிச்சயம், கூடவே ஒரு பயம். அம்மனுக்கு இது போதவில்லையோ? இன்னும் கேட்கிறாளோ? அவன் வயிற்றுக்குள் அது இருட்டில் முழித்துக்கொண்டு கிடக்கிறதோ? அய்யாத்துரை, டேய், நான் தாங்கிக்கொள்வேன், நீ மட்டும் ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டு விட்டால் போதும். கண்ணில்தான் இரண்டு சொட்டு வந்தது, காதுப் பக்கம் வழிந்து தலையணைக்குள் போனது. துடைத்தால் அவர் பார்த்துவிடுவார்.

கதவு திறந்தது. ஷிப்ட் மாறி வந்த புது நர்ஸ், நெஞ்சில் கிறிஸ்டில்டா என்று பெயர் குத்தியிருந்தது. நல்லவேளை, இந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "பத்து மார்க்குக்கு வலி எத்தனைம்மா?" என்றாள். அறைக்கு வந்ததிலிருந்து எல்லோருக்கும் சொன்ன பதிலையே சொன்னேன், ரெண்டு. அவள் என் நெற்றியைப் பார்த்தாள், நாடித் துடிப்பு ஓடுகிற டிவிப் பெட்டியைப் பார்த்தாள், குனிந்து மருந்து மெஷினில் எதையோ தட்டிப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ரூமுக்கு வந்ததுலருந்து நீங்க ஒரு தடவைகூட அமுக்கலையே. வேர்த்து ஊத்துது, ரெண்டுன்னு சொல்றீங்க?"

"அது இருக்கட்டும் சிஸ்டர்."

"என்னத்த இருக்கட்டும்? மூச்சை நல்லா இழுத்து விடலேன்னா சளி கட்டும். அமுக்குங்க."

அமுக்க முடியாது என்றேன். ஏன் என்றாள். பொய் சொல்லத் தெம்பில்லை. "வேண்டுதல்" என்றேன். "என் தம்பிக்கு வரணும். வந்துட்டா அமுக்கிருவேன்."

"என்ன வரணும்?"

"மூத்திரம்."

கிறிஸ்டில்டா அப்படியே நின்றாள். அவள் முகத்தில் என்னென்னவோ மாறியது. பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாளா என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

"அக்கா, நீங்கதானா அந்தக் குடத்துக்கார அக்கா?"

"எந்தக் குடம்?"

"அது தியேட்டர்லயே வந்துடுச்சுக்கா. கிட்னியைச் சேர்த்து ரத்தத்த விட்டதும் பீச்சி அடிச்சு, பெரிய டாக்டரோட கவுனெல்லாம் நனைஞ்சு போச்சாம். சந்தோசத்துல அவரே நேரா உங்ககிட்ட வந்து சொன்னாரே. உங்க கிட்னி குழாயத் திறந்துவிட்ட மாதிரி ஓடுதும்மான்னு. நீங்க கண்ணைத் திறக்காமலே, 'மூடிராதீக, குடம் எடுத்துட்டு வாரேன்'னு கத்துனீங்களாம். கீழ ரிசப்ஷன்வரைக்கும் இன்னைக்கு இதான் பேச்சு."

பச்சை உடுப்புக்காரர்கள் எங்கள் தெருவை விட்டு மெதுவாக விலகிப் போனார்கள், அந்த ஆண் குரலுக்கு ஒரு முகம் வந்தது, மூக்குக் கண்ணாடி வந்தது. தியேட்டரிலேயே. அப்படியென்றால் நான் அம்மனிடம் பேரம் பேச ஆரம்பித்தபோதே காரியம் முடிந்து, ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்காமலே கொடுத்துவிட்டவளிடம் போய், நீ கொடு நான் வலியைத் தருகிறேன் என்று சாயங்காலம்வரை விலை சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறேன். அவள் எத்தனை சிரித்திருப்பாள், இந்த நர்ஸ் பிள்ளைகளோடு சேர்ந்து. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமாக இருந்தது, இத்தனை சந்தோஷத்துக்கு உடம்பில் இடம் போதாது, காலியான இடத்தையும் சேர்த்துத்தான் நிரம்பியது. தலையை மட்டும் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தேன். என்னவர் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையையும் வாய் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

கையை எடுக்காமலே தலையாட்டினார்.

"சொன்னா என்ன?"

"நீ கேக்குற வரைக்கும் நல்லதும் பேசப்படாதுன்ன. மாரியம்மன் மேல ஆணை வேற. எத்தனை தடவை தொண்டை வரைக்கும் வந்துச்சு தெரியுமா? அத அடக்கத்தான அந்தச் சாம்பாரையே பேசிக்கிட்டு இருந்தேன்" என்றார். சொல்லும்போதே மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆ, அம்மா, ஆ என்று முனகி முனகிச் சிரித்தேன். இதற்குள் கிறிஸ்டில்டா தன் போனில் மேலே தீவிர சிகிச்சை நர்ஸைப் பிடித்துவிட்டாள், ஒரு நிமிசந்தான், உங்க தம்பி பேசக் கூடாது, நீங்கதான் பேசணும் என்று சொல்லிப் போனை என் காதில் வைத்தாள். நான் என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் அந்தப் பக்கம் பேசக் கூடாத ஆள் பேசினான். தொண்டை கட்டிக் கரகரவென்று கேட்டது, ஆனாலும் அவன்தான்.

"யக்கா. தண்ணி கேட்டேன்."

"குடுத்தாகளா?"

"இன்னைக்கு இல்லையாம். நாளைக்குக் காலைல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அளவு எவ்வளவுன்னு கேட்டேன்க்கா. அளவே கிடையாதாம்."

அந்த நர்ஸ் போனை வாங்கிவிட்டாள் போலிருக்கிறது, போதும் போதும் என்று ஒரு குரல் கேட்டுக் கட்டாகிவிட்டது. அளவே கிடையாதாம். நாளைக் காலையில் சொம்பைத் தூக்கி, மோவாயில் வழிய வழிய. கண்ணீர் இப்போது இரண்டு பக்கமும் தாராளமாக ஓடியது, துடைக்கவில்லை, ஓடட்டும். கிறிஸ்டில்டா என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெருவிரல் அங்கேயேதான் இருந்தது, சாயங்காலம் முழுக்க அதட்டி விரட்டியும் போகாமல் காத்துக்கிடந்த விரல். தாயே, வரவு வைத்துக்கொண்டாயோ இல்லையோ, இனி உனக்கும் எனக்கும் பேரமில்லை, நான் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு அமுக்கினேன். மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது, மருந்து கிர்ரென்று குழாயில் இறங்கியது. அது வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள் கிறிஸ்டில்டா. ஆகட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. என்னவர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இப்பச் சொல்லுங்க" என்றேன். "அந்தச் சாம்பாருக்கு அப்படி என்னதான் குறை?"